டிக் சத்தத்துக்கு முன்னால் போட்ட கோடு

தெருவே பம்பரம் என்று கூப்பிடும் மெக்கானிக் உட்கார்ந்து பார்த்தவர்கள் அங்கே யாரும் கிடையாது. முடிவெட்டும் கடைக்காரர் மட்டும் மாதத்துக்கு ஒருமுறை தான் பார்ப்பதாகச் சொல்வார். அதுவும் பாதி வேலை வரைக்கும்தானாம். பம்பரத்தின் வலது கிருதா இடதைவிட அரை விரல் நீளமாக இருப்பதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அவர் கார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறார். வயது நாற்பத்து நான்கு. ஒரு காரின் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிடுவார். அது சூடாகும் வரைக்கும் நிற்க மாட்டாமல் அடுத்த காரின் சக்கரத்தைக் கழற்றப் போய்விடுவார். சக்கரம் பாதி கழன்றிருக்கும்போது முதல் காரின் சத்தத்தில் ஏதோ மாறுவது காதில் விழும். உடனே அங்கே ஓடுவார். நடுவில் அவர் கையில் கொடுத்த தேநீர் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பட்டறையைக் கூட்டும்போது பேட்டரி அலமாரியில் ஒன்று, டயர் அடுக்கின் மேல் ஒன்று என்று பாதி குடித்த கிளாஸ்கள் அகப்படும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் தன் கார் டிக்கியிலிருந்து கிளாஸை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கழுவியே கொண்டுவந்திருந்தார்.

ஆனால் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தெருமுனையில் திரும்பும் வண்டியின் சத்தத்தை வைத்தே பெல்ட்டா பேரிங்கா என்று சொல்லிவிடுவார். பதினேழு வயதில் ஒரு பெரிய பட்டறையில் சேர்ந்தார். தன் முறை வரும்வரை காத்திருக்கப் பிடிக்காமல் பக்கத்தில் இருந்த நான்கு பேரின் வேலையையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார். இருபத்தைந்தில் தனியாக ஷட்டர் திறந்தார்.

திறந்த புதிதில் பட்டறை குருவிக்கூடு மாதிரி இருக்கும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் வாரத்துக்கு ஒன்று காணாமல் போகும். கழற்றிய போல்ட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வீட்டில் துணி துவைக்கும்போது அவை மெஷினுக்குள் கடகடவென்று உருளும். அப்படி மூன்றாவது தடவை உருண்ட அன்றுதான் அவர் மனைவி பட்டறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தார். அவர் அதற்குமுன் ஒரு பார்சல் ஆபீசில் வேலை பார்த்தவர்.

"எங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு ஆயிரம் பொட்டலம் வரும், போகும். ஒண்ணு தொலைஞ்சா எது தொலைஞ்சதுன்னு பத்து நிமிஷத்துல சொல்லிடுவோம். உங்ககிட்ட இருக்கிறது முப்பது ஸ்பேனர். எது இல்லைன்னு கேட்டா மேல பார்க்கிறீங்க."

"எல்லாம் இங்கதான் இருக்கும்."

"இங்கன்னா?"

அவர் கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி சுவரில் ஒரு பலகை அடித்தார். ஒவ்வொரு கருவியையும் அதன்மேல் வைத்து, சுற்றிலும் வெள்ளைப் பெயிண்டால் வரைந்து, ஆணி அடித்து மாட்டினார். எது இல்லையோ அதன் வெற்று உருவம் சுவரிலிருந்து முறைக்கும். அது நிரம்பாமல் எந்தக் காரும் வெளியே போகக் கூடாது. கழற்றிய போல்ட்டுகளை வரிசை மாறாமல் வைக்க முட்டை அடுக்கும் அட்டை வந்தது. ஒவ்வொரு காரின் வைப்பரிலும் ஒரு ஜாப் கார்டு செருகப்பட்டது. எந்தச் சக்கரத்தை யார் கழற்றினார், யார் மாட்டினார், கடைசியில் யார் பார்த்தார் என்று எல்லாம் அதில் எழுத வேண்டும்.

மஞ்சள் கோடும் மனைவியின் யோசனைதான். சக்கர நட்டுகளை முதலில் சாதாரண ஸ்பேனரால் லேசாக இறுக்குவார்கள். காரை ஜாக்கியிலிருந்து இறக்கியபிறகு டார்க் ரெஞ்ச் என்ற நீளக் கைப்பிடிச் சாவியால் முழுதாக இறுக்குவார்கள். தேவையான இறுக்கம் வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும். டிக் கேட்டால்தான் நட்டுக்கும் சக்கரத்துக்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. கடைசியாகக் காரைச் சுற்றி வந்து பார்க்கிறவர் கோடுகளை மட்டும் எண்ணினால் போதும்.

அப்படிச் சுற்றிவந்து பார்ப்பவர் மனைவியின் தம்பி. ஏழு வருடமாகப் பட்டறையில் இருக்கிறார். பம்பரத்துக்கு நேரெதிர். ஒரு நட்டைக் கழற்றினால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, அதன் உடல்நலத்தை விசாரித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். தெருவில் அவருக்கு நிதானம் என்று பெயர்.

"மாப்ள, நீ அந்த நட்டைப் பொண்ணு பார்க்கவா வந்திருக்கே?" என்பார் பம்பரம்.

"பொண்ணு பார்த்தப்போ நீங்க பாதியில எழுந்து போய்ட்டீங்கன்னு அக்கா இன்னும் சொல்லுது மாமா. நான் முழுசா பார்த்துட்டுப் போறேனே."

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளைக்கு முன்னால் பம்பரத்துக்கு ஒரு யோசனை வந்தது. கார் ஜாக்கியில் நிற்கும்போது சக்கரத்தின் முன்னால் குனிந்துதான் இருக்கிறோம். கோட்டை அப்போதே போட்டுவிட்டால், இறக்கியபிறகு இன்னொரு தடவை குனிய வேண்டாம். எப்படியும் இறுக்கத்தான் போகிறோம். நான்கு கோடு போட ஆகும் நேரம் முக்கால் நிமிடம். அந்த முக்கால் நிமிடம் அவருக்கு உறுத்தியது. முன்னாலேயே கோடு போட ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு டிரைவிங் டீச்சர் காரை எடுக்க வருவதாக இருந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த அம்மா அவர், தொண்டை பெரியது. முன் சக்கரம் இரண்டிலும் பிரேக் பேட் மாற்ற வேண்டியிருந்தது. இடது பக்கம் பம்பரம், வலது பக்கம் நிதானம். மாற்றி முடித்து, சக்கரங்களை மாட்டி, காரை இறக்கினார்கள். நிதானம் தன் பக்கத்து நான்கு நட்டுகளை டிக் வைத்து, கோடு போட்டு, ரெஞ்சைப் பூஜ்யத்துக்குத் திருப்பிப் பெட்டியில் வைத்து மூடினார். பம்பரம் பெட்டியை நோக்கி வந்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் உதிரிபாகக் கடை ஆள் வந்து நின்றான். கேட்டது ஒரு ஏர் ஃபில்டர். அவன் கொண்டுவந்தது வேறு.

"இதை எடுத்துட்டுப் போய் எங்க மாட்டச் சொல்றே? என் தலையிலயா?" என்று கத்தியபடி அட்டைப் பெட்டியைக் கையில் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டு, அவனோடு தெருமுனை வரைக்கும் பேசிக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது டீச்சர் சாவியோடு நின்றிருந்தார். நிதானம் சுற்றிப் பார்த்துவிட்டார். கோடு இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"இன்னிக்கு என்கிட்ட கத்துக்க வர்ற கிளார்க்கை மேம்பாலத்துல ஏத்தப் போறேன். ரெயில்வே கேட் தாண்டி நேரா. மூணு மாசமா சந்துலயே சுத்துறார், பாவம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் கிளம்பிப் போனார்.

ஒன்பதே முக்காலுக்கு அடுத்த காரின் பின்சக்கரத்தில் நான்கு கோடு போட்டுவிட்டுப் பம்பரம் கையை நீட்டினார்.

"மாப்ள, டார்க் ரெஞ்சை எடு."

"இந்த ஃபில்டர் பெட்டியை எங்க வைக்கட்டும் மாமா?"

"எந்த ஃபில்டர்?"

"காலையில வந்த தப்பு ஃபில்டர். ரெஞ்ச் பெட்டி மேல நீங்கதானே வச்சீங்க? அப்போலேருந்து அங்கயேதான் இருக்கு."

பம்பரத்தின் நீட்டிய கை அப்படியே நின்றது.

"அப்போலேருந்து யாரும் எடுக்கலையா?"

"நான் என் நாலை முடிச்சு உள்ள வச்சேன். அதுக்கப்புறம் இப்பதான் திறக்கிறேன்."

 டீச்சரின் காரில் இடது முன்சக்கரம் வெறும் ஸ்பேனர் இறுக்கத்தில், அதுவும் சக்கரம் அந்தரத்தில் இருந்தபோது போட்ட இறுக்கத்தில், மேம்பாலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"போன் போடு! அந்தம்மாவுக்குப் போன் போடு!"

பட்டறையில் கணக்கு மேசைக்குப் பின்னால் இருந்த மனைவி அதற்குள் எண்ணைப் போட்டுவிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டீச்சரின் ஆபீசுக்குப் போட்டார். அங்கிருந்த பெண் சாவகாசமாகச் சொன்னாள்: "வகுப்பு நடக்கும்போது மேடம் எடுக்க மாட்டாங்க. அவங்க போன், கத்துக்கிறவர் போன், ரெண்டையும் கார் டேஷ்போர்டு பெட்டியில வச்சுப் பூட்டிடுவாங்க. அதானே ரூல்ஸ்."

பம்பரத்தின் பைக் சுவரோரம் பாகம் பாகமாகக் கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் அவரே கழற்றிப் போட்டது. நிதானத்தின் பைக்தான் இருந்தது.

"சாவியைக் குடு மாப்ள."

"நீங்க பின்னாடி ஏறுங்க. நீங்க ஓட்டினா அப்புறம் உங்களையும் சேர்த்துத் தேடணும்."

டார்க் ரெஞ்சைத் தோளில் சாய்த்துக்கொண்டு பம்பரம் பின்னால் ஏறினார். நிதானம் ஹெல்மெட் வாரைப் போட்டார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

"மாப்ள, உன் கால்ல விழறேன், கிளம்புடா!"

பட்டறைத் தெரு, டயர்க்கடை மூலை, பள்ளிக்கூடச் சுவர். ஒவ்வொரு வேகத்தடையிலும் நிதானம் பிரேக் பிடித்தார். ஒவ்வொரு பிரேக்குக்கும் பம்பரத்தின் முழங்கால் அவர் இடுப்பில் இடித்தது. எதிரே வந்த வெள்ளை நிறக் கார் எல்லாம் டீச்சருடையது போலவே தெரிந்தது. தூரத்தில் எங்கேயாவது கூட்டம் நிற்கிறதா என்று பம்பரம் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நிஜமாகவே கூட்டம். பம்பரம் ஓடும் வண்டியிலேயே எழுந்து நின்று பார்த்தார். கரும்புச்சாறு வண்டி.

"உட்காருங்க மாமா, ரெண்டு பேரும் விழப்போறோம்."

ரெயில்வே கேட் மூடியிருந்தது.

சரக்கு ரெயில். எப்போதும் வேகமாகப் போகும் அது அன்று யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பது போல ஊர்ந்தது. பம்பரம் இறங்கினார். கேட் கம்பியைப் பிடித்தார், விட்டார். திரும்பி வந்து பைக்கின் ஹாரனை அடித்தார்.

"ரெயிலுக்கு ஹாரன் அடிச்சா அது ஒதுங்குமா?" என்றார் முன்னால் நின்ற ஆட்டோக்காரர்.

பம்பரத்துக்குக் காதில் ஏறவில்லை. அந்த நட்டுகள் எந்த அளவு இறுகியிருக்கும் என்று உள்ளங்கையில் யோசித்துக்கொண்டிருந்தார். முதல் நட்டு, ஓரளவு. இரண்டாவது, ஓரளவு. மூன்றாவதைப் போடும்போது பக்கத்துக் காரின் சத்தத்தில் கவனம் போனதே. நான்காவதை ஸ்பேனரால் தொட்டோமா, விரலால் சுற்றியதோடு சரியா? நினைவு அதற்குமேல் போகவில்லை. கோடு போட்டது மட்டும் தெளிவாக ஞாபகம் இருந்தது. நான்கு கோடு, நேராக, அழகாக.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா?" நிதானம் முன்னால் பார்த்தபடியே கேட்டார். "அந்தச் சக்கரத்துல கோடு இருந்துச்சு. நான் கண்ணால பார்த்தேன். டிக் வைக்காம கோடு எப்படி வந்துச்சு?"

பம்பரம் ரெயிலைப் பார்த்தார். கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

"கேட் திறக்குது, போ" என்றார்.

மேம்பாலம் ஏறும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளைக் கார் ஓரமாக நின்றிருந்தது. கூரையில் பயிற்சிப் பலகை. நான்கு விளக்கும் கண்ணடித்துக்கொண்டிருந்தன. டிரைவர் சீட்டிலிருந்து இறங்கிய நடுத்தர வயது மனிதர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பக்கத்து சீட்டுக்குப் போனார். டீச்சர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். விளக்குகள் அணைந்தன. கார் நகர்ந்தது.

பைக் நிற்பதற்குள் பம்பரம் குதித்துவிட்டார். காருக்கு முன்னால் போய், டார்க் ரெஞ்சோடு இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

பிரேக் கிறீச்சிட்டது. டீச்சர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா? ஏய், தம்பியா? கையில என்ன இரும்பு?"

"இறங்குங்கக்கா. ரெண்டு பேரும் இறங்குங்க."

"நான் எதுக்கு இறங்கணும்? இவர் கை இந்த ஆட்டம் ஆடுது, ஸ்டியரிங்கே கூடச் சேர்ந்து ஆடுது. ஆடுறது கைதான், வண்டி இல்லைன்னு இவருக்கு ஓட்டிக் காட்டப் போறேன்."

"வண்டிதாங்க்கா ஆடுது."

பம்பரம் இடது முன்சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டார். நான்கு மஞ்சள் கோடுகளும் முறிந்திருந்தன. நட்டில் இருந்த பாதி ஒரு பக்கமும் சக்கரத்தில் இருந்த பாதி இன்னொரு பக்கமும் போயிருந்தன. நான்காவது நட்டில் விரலை வைத்தார். அது பாட்டில் மூடி போலச் சுற்றிக் கையில் வந்தது.

பக்கத்து சீட்டிலிருந்து இறங்கிய கிளார்க் அதை எட்டிப் பார்த்தார்.

"மேடம், அப்போ என் கை ஆடலையா?"

டீச்சர் பம்பரத்தின் கையிலிருந்த நட்டைப் பார்த்தார்.

"ரெண்டு கிலோமீட்டரா திட்டினீங்களே மேடம். ஸ்டியரிங்கைப் பால்பாத்திரம் மாதிரிப் பிடிக்கிறேன்னீங்க."

"ஆடலை. உங்க கை ஆடலை, போதுமா?"

"இதை என் வீட்டுக்காரிகிட்டயும் ஒரு தடவை சொல்லிடுங்க மேடம். போன் போட்டுத் தரேன்."

 நிதானம் காரின் ஜாக்கியை எடுத்துவந்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றி, நட்டு ஏறும் கம்பிகளின் மரையை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். சேதம் இல்லை. திரும்ப மாட்டி இறக்கினார்கள். பம்பரம் ரெஞ்சை வைத்து அழுத்தினார். டிக். எதிர்மூலை நட்டு, டிக். மற்ற இரண்டும். கோடு போடச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தபோது டீச்சர் அவர் கையைப் பார்த்தார்.

"அந்தக் கோடு எதுக்குத் தம்பி?"

முழுசாக இறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளம் என்று பம்பரம் சொன்னார்.

"காலையில சாவி வாங்கும்போதும் பார்த்தேனே. இருந்துச்சே."

வழியில் கழன்றுவிட்டது, நட்டு பழசு, புது பேட் போட்டால் ஆரம்பத்தில் இப்படி ஆகும். மூன்று பொய் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. எதைச் சொன்னாலும் டீச்சர் நம்பியிருப்பார். நிதானம் ஜாக்கியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோட்டை முதல்லயே போட்டுட்டேங்க்கா. இறுக்கறதுக்கு முன்னாடி. குனியற வேலை மிச்சம்னு. அப்புறம் ஒருத்தன் கூப்பிட்டான், போய்ட்டேன். மாப்ள கோட்டைப் பார்த்து விட்டுட்டான். அவன் மேல தப்பு இல்லை."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். மேம்பாலத்தில் லாரிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"இன்னிக்கு மட்டும்தானா இப்படிப் போட்டே?"

"பத்து நாளா."

"மாமா!" என்றார் நிதானம். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து பம்பரம் கேட்டதே இல்லை. "பத்து நாளா நான் கோட்டை எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். எதை எண்ணினேன் நான்?"

"மத்ததெல்லாம் இறுக்கினேன் மாப்ள. நிச்சயம் இறுக்கியிருப்பேன்."

"காலையில இதையும் இறுக்கிட்டதாதானே நினைச்சீங்க?"

 பம்பரம் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். ஒன்றும் ஆகவில்லை, டீச்சர் பத்திரம் என்று முதலில் சொன்னார். மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சுக் கேட்டது. பிறகு பத்து நாள் ஜாப் கார்டுகளையும் எடுக்கச் சொன்னார். தான் சக்கரம் மாட்டியவை மட்டும்.

"எதுக்குங்க?"

சொன்னார். மனைவி திட்டவில்லை. அட்டைகள் புரளும் சத்தம் மட்டும் வந்தது.

"பதினொண்ணு இருக்கு" என்றார். "எல்லாருக்கும் சொல்லப் போறீங்களா?"

"நம்பரைப் படி."

நிதானம் பயிற்சி நோட்டிலிருந்து டீச்சரிடம் ஒரு தாளைக் கேட்டு வாங்கி, காரின் பானெட்டில் வைத்து எழுதினார். எழுதி முடித்ததும், "நான் அஞ்சு, நீங்க ஆறு" என்றார்.

"வேணாம். நானே பேசறேன்."

முதல் எண் பல் டாக்டருடையது. கார் நான்கு நாளாக வீட்டை விட்டு நகரவில்லை. நகர்த்த வேண்டாம், நான் வந்து பார்க்கிறேன் என்றார் பம்பரம். ஏன் என்று டாக்டர் கேட்டார். சொன்னார். இனிமேல் வேறு பட்டறை பார்த்துக்கொள்வதாக டாக்டர் சொன்னார். சரி சார், ஆனால் நான் வரும்வரைக்கும் எடுக்காதீர்கள் என்றார் பம்பரம். இரண்டாவது எண்ணை யாரும் எடுக்கவில்லை. நிதானம் அதற்கு நேராக ஒரு வட்டம் போட்டார்.

மூன்றாவது, ரொட்டிக் கம்பெனி வேன். உடனே எடுத்தார்கள். பின்னால் இரைச்சல்.

"என்னண்ணே, சீக்கிரம் சொல்லுங்க, ஓட்டிட்டிருக்கேன்."

"வண்டியை ஓரமா நிறுத்துங்க."

"என்ன?"

"பேச வேணாம். மெதுவா ஓரம் கட்டுங்க. சட்டுனு பிரேக் போடாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பம்பரம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கியர் இறங்கும் சத்தம் கேட்டது. ஒருமுறை, இன்னொருமுறை. ஏதோ ஒரு லாரி அந்த வேனைத் தாண்டிப் போனது. சரளைக்கல்லில் டயர் உரசியது. நிதானமும் டீச்சரும் கிளார்க்கும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அசையாமல் நின்று, கை பிரேக் இழுபடும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.